எம்கேஜிமேப் + ஸ்ப்ளிட்டர் ரிவ்யூ: பக்கத்து ரூட் சூப்பர், தூரத்து ரூட்டுக்கு கொஞ்சம் மெனக்கெடணும்

காசு வாங்காத சாஃப்ட்வேருக்கு ரிவ்யூ எழுதினா "சும்மா கிடைச்சதுல என்னப்பா குறை சொல்ற"ன்னு ரெண்டு பேராவது கேப்பாங்க, கேக்கட்டும். எம்கேஜிமேப்னு ஒண்ணு இருக்கு, ஆளாளுக்கு சேந்து வரையற இலவச மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப் (சுருக்கமா ஓஎஸ்எம்) டேட்டாவ எடுத்து கார்மின் கம்பெனி ஜிபிஎஸ் படிக்கற ஐஎம்ஜி ஃபைலா மாத்திக் குடுக்கும், அத கையில பிடிக்கிற ஜிபிஎஸ்ல போட்டு ஆஃப்லைன்ல சுத்தலாம். அதுக்குக் கூட்டாளி ஸ்ப்ளிட்டர், பெரிய டேட்டாவ சின்ன சின்ன டைலா வெட்டற வேலை அதோடது. ரெண்டையும் ரொம்ப நாளா யூஸ் பண்றேன், மேப் பாக்கறதுக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு, பத்து இருபது கிலோமீட்டர் ரூட்டுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஊருக்கு ரூட் போடச் சொன்னாதான் கதையே மாறுது, அந்தக் கதையதான் இங்க எழுதப் போறேன், மத்தத எல்லாம் சீக்கிரமா தாண்டிடறேன்.

மொதல்ல யூஸ் பண்ற அனுபவம். ரெண்டும் ஜாவால ஓடறது, விண்டோ பட்டன்னு எதுவும் கிடையாது, கருப்புத் திரையில கமாண்ட் டைப் பண்ணணும். பயந்துக்க ஒண்ணும் இல்ல, ஒரு தடவ கமாண்ட எழுதி ஒரு ஃபைல்ல சேவ் பண்ணி வெச்சுட்டா அடுத்த தடவ அதயே தட்டி விட்டா போதும். மெமரி மட்டும் தாராளமா ஒதுக்கிக் குடுங்க, இல்லன்னா பாதியில மூச்சு வாங்கி நின்னுடும். ஸ்ப்ளிட்டர் நீங்க ஒண்ணும் சொல்லலன்னா ஒரு டைலுக்கு அதிகபட்சம் 16 லட்சம் நோடுன்னு (மேப்ப வரையற புள்ளிதான் நோடு) வெச்சு வெட்டும், கூடவே டைல் லிஸ்ட்ட ஒரு டெம்ப்ளேட் ஃபைலா எழுதித் தரும், அத அப்படியே ஜிமேப்சப்ங்கற ஆப்ஷனோட எம்கேஜிமேப்புக்கு தள்ளினா எல்லா டைலையும் கட்டி ஒரே ஃபைலா கைல குடுத்துடும். அத கார்டுல போட்டா முடிஞ்சுது. ஒரு விஷயம், ரூட் ஆப்ஷன மறக்காம போடணும், அது இல்லன்னா படம் வரும் ஆனா வண்டி நகராது, ரோடெல்லாம் வெறும் கோடாதான் இருக்கும்.

சரி இப்ப தூரத்து ரூட்டுக்கு வருவோம். ரூட் ஊத்திக்கறதுலயும் பல வகை இருக்கு, அத கவனிச்சுப் பாத்தாலே பாதி பதில் கிடைச்சுடும். சில சமயம் பர்சன்டேஜ் ஏறிக்கிட்டே போயி ஒரு எடத்துல அப்படியே நிக்கும், ரொம்ப நேரம் கழிச்சு கணக்குப் போட முடியலன்னு மெசேஜ் வரும். சில சமயம் யோசிக்கவே யோசிக்காம ஆத்துக்கு மேல மலைக்கு மேல ஒரு நேர்கோடு போட்டுட்டு "இந்தா ரூட்"னு குடுக்கும். இன்னொரு வகை இருக்கு, ரூட் வரும், ஆனா நேரா போற ஹைவேல போயிட்டே இருக்கும்போது திடீர்னு ஒரு எக்சிட்ல எறங்கி ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி அதே ஹைவேல ஏறும். நேர்கோடு வந்தா பெரும்பாலும் செட்டிங்தான், டைரக்ட் ரூட்டிங்னு ஏதாவது ஆன்ல இருக்கும், இல்லன்னா அந்த ப்ரொஃபைல்ல ரூட்டிங் உள்ள மேப் எதுவுமே ஆன்ல இல்ல. பர்சன்டேஜ் நின்னுச்சுன்னா மேப்புக்குள்ள எங்கயோ சங்கிலி அறுந்திருக்கு. எறங்கி ஏறற கேஸ் வந்தா நேரா ஓஎஸ்எம் டேட்டாவப் போயி பாருங்க, அந்த எடத்துல ரோடோட ஒரு துண்டு ஜாயின் ஆகாம இருக்கும், இல்லன்னா யாரோ தப்பா ஒரு டர்ன் ரெஸ்ட்ரிக்‌ஷன் போட்டு, அதாவது இங்க திரும்பக் கூடாதுன்னு எழுதி, வெச்சிருப்பாங்க.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது ரோடு கிளாஸ்தான், இத ஒண்ண புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வெளங்கும். இந்த ஃபார்மட்டு உள்ள என்ன பண்ணுதுன்னு அதிகாரபூர்வமா யாரும் வெளிய எழுதிக் குடுக்கல, ஆர்வமுள்ள ஆளுங்க ஃபைல பைட் பைட்டா நோண்டி கண்டுபிடிச்சதுதான் எம்கேஜிமேப்போட அஸ்திவாரமே. அதனால டிவைசுக்குள்ள ஓடற கணக்கு இப்படித்தான்னு அடிச்சு சொல்ல ஆள் இல்ல, ஆனா நடந்துக்கற விதத்த வெச்சு தெளிவா பிடிபடுது. ஒவ்வொரு ரோடுக்கும் 0 லேர்ந்து 4 வரைக்கும் ஒரு கிளாஸ், 0 லேர்ந்து 7 வரைக்கும் ஒரு ஸ்பீடு. வீட்டுத் தெருவெல்லாம் கிளாஸ் 0, மோட்டார்வே மாதிரி பெரிய ரோடு கிளாஸ் 4. ஸ்பீடுல 7 னா லிமிட் இல்ல, 3 னா 60 கிமீ, 0 னா 5 கிமீ. ஹேண்ட்ஹெல்டுல இருக்கற ப்ராசசர் ஒண்ணும் பெரிய சூரன் இல்ல, 300 கிலோமீட்டருக்கு நடுவுல இருக்கற ஒவ்வொரு சந்தயும் எட்டிப் பாத்துட்டு இருந்தா விடிஞ்சுடும், அதனால கிளம்பற எடத்துக்கிட்டயும் போய்ச் சேர்ற எடத்துக்கிட்டயும் மட்டும்தான் சின்ன ரோடெல்லாம் பாக்கும், நடுவுல மேல் கிளாஸ் ரோட மட்டும் பிடிச்சுக்கிட்டு ஓடிடும். பக்கத்து ரூட்டு ஓடி தூரத்து ரூட்டு படுக்கறதுக்குக் காரணம் இதுதான். பக்கத்துலன்னா எல்லா ரோடையும் பாக்குது, எங்கயாவது ஒரு வழி கிடைச்சுடுது. தூரத்துக்கு கிளாஸ் 3, 4 மட்டும்தான் கணக்குல இருக்கு, அது நடுவுல ஒரு எடத்துல விட்டுப் போயிருந்தா, ஏணியில நடுப்படி ஒடிஞ்ச மாதிரி, மேல ஏற வழி இல்ல.

இந்தப் படி எங்க ஒடியும்? என் அனுபவத்துல பெரும்பாலும் லிங்க் ரோடுல. எம்கேஜிமேப் கூட வர்ற டிஃபால்ட் ஸ்டைல், அதாவது எந்த ரோடுக்கு எந்த கிளாஸ்னு எல்லாம் சொல்ற விதிகள், இதுல ஒழுங்காதான் இருக்கு, தொந்தரவு ஆரம்பிக்கறதே நாம ஸ்டைல நோண்டும்போதும், வேற யாரோ நோண்டினத எடுத்துப் போடும்போதும்தான். ஸ்டைல்ல லைன்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அத வெறும் நோட்பேட்ல தொறக்கலாம். மோட்டார்வேக்கு ஒரு வரி, அதுக்கு ரோடு கிளாஸ் 4. கொஞ்சம் கீழ மோட்டார்வே லிங்க்குக்கு, அதாவது ஒரு ஹைவேலேர்ந்து இன்னொண்ணுக்கு வளைஞ்சு போற அந்த ரேம்புக்கு, தனி வரி. அங்க கிளாஸ் 0 ன்னு இருந்தா பாருங்க வேடிக்கைய. ரெண்டு கிளாஸ் 4 ஹைவேயும் மேலயும் கீழயுமா பாலத்துல கிராஸ் ஆகும், நடுவுல சேக்கறது அந்த ரேம்பு மட்டும்தான், அதுவோ கிளாஸ் 0, தூரத்து கணக்குல அது கண்ணுக்கே தெரியாது. ஸ்க்ரீன்ல பாத்தா ரோடு அழகா வளைஞ்சு போயி சேந்திருக்கும், டிவைசப் பொறுத்தவரைக்கும் அங்க ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு நம்பர 3 ஆ மாத்தி மேப்ப மறுபடி கட்டினா அதுவரைக்கும் அடம் பிடிச்ச ரூட்டு கடகடன்னு வந்துடும். இதே மாதிரி ட்ரங்க் ரோடு (மோட்டார்வேக்கு அடுத்த பெரிய ரோடு) ஊருக்குள்ள நுழையும்போது டேட்டாவுல டெர்ஷியரியா, அதாவது சின்ன ரோடா, எறங்கி, ஊரத் தாண்டினதும் மறுபடி ட்ரங்க்கா ஏறற எடங்களும் இருக்கும், அந்த ரெண்டு மூணு கிலோமீட்டர் துண்டு போதும் மொத்தத்தயும் கெடுக்க. ரவுண்டானாவும் அப்படித்தான், அதுல வந்து சேர்ற ரோடோட கிளாஸ விட ரவுண்டானா கிளாஸ் கம்மியா இருக்கக் கூடாது.

சைக்கிளுக்குன்னு ஸ்பெஷலா பண்ற மேப்புல இது இன்னும் மோசம். ஒருத்தர் பண்ணி வெச்ச சைக்கிள் மேப் ஒண்ண எறக்கிப் பாத்தேன், பேர் வேண்டாம், நல்ல மனசோட சும்மா குடுக்கறாங்க. சைக்கிள்காரன் ஹைவேல போகக் கூடாதுன்னு ஹைவேய கிளாஸ் 0 க்கு எறக்கி, சைக்கிள் பாதைய கிளாஸ் 4 க்கு ஏத்தி வெச்சிருக்காங்க. ஊருக்குள்ள ரூட் போட்டா அட்டகாசம், டிராஃபிக்கே இல்லாத பாதையா தேடித் தேடி குடுக்குது. 100 கிலோமீட்டர் தாண்டிப் போகச் சொன்னா செத்துச்சு, ஏன்னா சைக்கிள் பாதை எங்கயுமே ஒரே நீளத்துக்கு ஓடாது, துண்டு துண்டா கிடக்கும், மேல் கிளாஸ்ல இருக்கறது பூரா துண்டுன்னா தூரத்துக்கு எத பிடிச்சுக்கிட்டு போகும் அது? இது டிசைன்லயே இருக்கற விலை, ரெண்டும் வேணும்னா முடியாது. தூரத்துக்கு சைக்கிள் ரூட் வேணும்னா கிளாஸ் 2, 3 அளவுலயாவது சாதாரண ரோடு தொடர்ச்சியா இருக்கற மாதிரி விட்டுட்டு, சைக்கிள் பாதைய ஒரு படி மட்டும் தூக்கி விடுங்க, அது போதும்.

அடுத்தது டைல் எல்லை. ஒவ்வொரு டைலும் தனி உலகம், ஒரு டைல்லேர்ந்து அடுத்ததுக்கு ரூட் தாண்டணும்னா எல்லைக் கோட்டுல ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல பவுண்டரி நோடுன்னு ஒண்ணு இருக்கணும், கொஞ்சம் நகந்திருந்தாலும் டிவைஸ் அத சேக்காது. ஸ்ப்ளிட்டர ஒரே டேட்டாவுல ஓட்டி ஒரே தடவயில எல்லா டைலையும் வெட்டினா இந்தப் பிரச்சன வராது, அதுல அது கெட்டிக்காரன். நாம பண்ற கூத்துதான் பிரச்சன. ஓஎஸ்எம் டேட்டாவ நாடு நாடா பிரிச்சுக் குடுக்கற ஜியோஃபாப்ரிக் சைட்லேர்ந்து பக்கத்து பக்கத்து ரெண்டு நாட்டோட டேட்டாவ தனித்தனியா எறக்கி, தனித்தனியா மேப் கட்டி, ரெண்டையும் கார்டுல போட்டுட்டு எல்லை தாண்டி ரூட் போடுன்னா எப்படி போடும்? ரெண்டுக்கும் நடுவுல பொதுவா ஒரு நோடு கூட கிடையாது. மொதல்ல ஆஸ்மியம் மாதிரி ஒரு டூல வெச்சு ரெண்டு டேட்டாவயும் ஒண்ணா சேத்துட்டு அப்புறம் ஸ்ப்ளிட்டருக்கு குடுக்கணும், அதுவும் ரெண்டும் ஒரே தேதியில எடுத்த டேட்டாவா இருந்தா நல்லது.

மேப் ஐடி விஷயமும் இதே குடும்பம்தான். ஒவ்வொரு டைலுக்கும் எட்டு இலக்கத்துல ஒரு நம்பர், ஸ்ப்ளிட்டர் தானா 63240001 லேர்ந்து ஆரம்பிக்கும். இன்னைக்கு ஒரு மேப், அடுத்த மாசம் வேற எடத்துக்கு இன்னொரு மேப்புன்னு கட்டி ரெண்டையும் நம்பர் மாத்தாம கார்டுல போட்டா ஒரே நம்பர்ல ரெண்டு டைல், எத எடுக்கறதுன்னு டிவைஸ் முழிக்கும், சிலது காணாமயே போயிடும். ஃபேமிலி ஐடியும், அதாவது ஒரு மேப்போட எல்லா டைலுக்கும் பொதுவான நம்பரும், மேப்புக்கு மேப் வேற வேறயா குடுத்துடுங்க. ஆனா தனித்தனி ஃபேமிலியா இருக்கற ரெண்டு மேப்புக்கு நடுவுல ரூட்டு ஓடும்னு நம்பி கிளம்பாதீங்க, தூரப் பயணத்துக்கு ஒரே மேப்பா கட்டிக்கறதுதான் நிம்மதி.

டைல் எல்லைதான் கோளாறான்னு செக் பண்றது ஈசி. ஸ்ப்ளிட்டர் டைல் எல்லைய கேஎம்எல் ஃபைலா எழுதச் சொன்னா எழுதும், அத கூகுள் எர்த்ல தொறந்து உங்க ரோடு எல்லைய எங்க வெட்டுதுன்னு பாருங்க. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 200 மீட்டர்ல ஒரு பாயிண்ட், அந்தப் பக்கம் 200 மீட்டர்ல ஒரு பாயிண்ட், நடுவுல நேர் ரோடு, ரூட் போடுங்க. ஒழுங்கான மேப்புன்னா கண் சிமிட்டற நேரத்துல வரும். அந்த 400 மீட்டருக்கு 40 கிலோமீட்டர் சுத்திட்டு வந்தா ஆள் மாட்டிக்கிட்டான்.

டேட்டாவுலயே ஓட்டை இருக்கறதும் உண்டு, அதுக்கு எம்கேஜிமேப்பயோ டிவைசயோ திட்டி பிரயோஜனம் இல்ல. ரெண்டு ரோடு பாக்க ஒட்டின மாதிரி இருக்கும், ஓஎஸ்எம் எடிட் பண்ற ஜேஓஎஸ்எம் சாஃப்ட்வேர்ல ஜூம் பண்ணிப் பாத்தா அரை மீட்டர் இடைவெளி, நோடு பொதுவா இல்ல. பாலத்துல வேலை நடக்குதுன்னு அந்தத் துண்ட மட்டும் கன்ஸ்ட்ரக்‌ஷன்னு டேக் மாத்தியிருப்பாங்க, வேலை முடிஞ்சும் யாரும் திருப்பி மாத்தல. ஹைவேக்கு நடுவுல கேட்டுன்னு ஒரு நோடு, ஒன்வே தலைகீழா, இப்படி நிறைய. நல்ல விஷயம் என்னன்னா எம்கேஜிமேப்புக்குள்ளயே இத தேடற ஆப்ஷன் இருக்கு, எதோடயும் சேராம தனித் தீவா கிடக்கற ரோட கண்டுபிடிக்க ஒண்ணு, ஒன்வே போயி முட்டுச் சந்துல முடியறத சொல்ல ஒண்ணு, ரவுண்டானா கோளாறு சொல்ல ஒண்ணு. கெட்ட விஷயம் என்னன்னா லாக் எழுதறதுக்கு தனியா ஒரு கான்ஃபிக் ஃபைல் வெச்சாதான் அதெல்லாம் உருப்படியா கண்ணுல படும், புதுசா வர்றவனுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. எல்லாம் ஓகேன்னு ப்ரோக்ராம் அமைதியா முடிஞ்சுடும், மேப் கட்டியாச்சுன்னு சந்தோஷமா கார்ட எடுத்துட்டு கிளம்பிடுவான். ஒரு ஸ்டார் நான் குறைக்கறதே இதுக்காகத்தான்.

டிவைஸ் செட்டிங் பத்தி நிறைய எழுத ஒண்ணும் இல்ல ஆனா விடவும் முடியாது, ஏன்னா பாதி பேர் மேப்ப நாலு தடவ திரும்பக் கட்டி டயர்டான அப்புறம்தான் இங்க வந்து பாப்பாங்க. ரூட்டிங் உள்ள ரெண்டு மேப் ஒரே ஏரியாவுக்கு ஒரே நேரத்துல ஆன்ல இருக்கா? அப்ப கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு, கணக்குப் போடறது இன்னொண்ணா இருக்கும், ஒண்ண ஆஃப் பண்ணிடுங்க. உயரக் கோடு மட்டும் காட்டற காண்டூர் மேப் எல்லாம் மேல இருந்துட்டுப் போகட்டும், அதுல ரோடே இல்லாததால தொந்தரவு இல்ல. அவாய்ட் லிஸ்ட்ல டோல், ஃபெர்ரி, மண் ரோடு எல்லாத்தயும் டிக் பண்ணி வெச்சிருந்தா வழியே மிச்சம் இருக்காது. அதுலயும் மண் ரோடு விஷயம் கொஞ்சம் சூது, தார் ரோடா மண் ரோடான்னு மேப்புல கொடி போடறது ஸ்டைல்தான், ஸ்டைல் எழுதினவர் சர்ஃபேஸ் டேக் இல்லாத ரோடெல்லாம் மண்ணுன்னு முடிவு பண்ணியிருந்தா நல்ல ஹைவே கூட அவாய்ட்ல போயி மாட்டும். டெஸ்ட் பண்ணும்போது எல்லா அவாய்டையும் எடுத்துட்டு, ப்ரொஃபைல கார்னு வெச்சு மொதல்ல போடுங்க. கார்ல வந்து சைக்கிள்ல வரலன்னா அக்சஸ் சம்பந்தப்பட்ட கோளாறு, ஹைவேல சைக்கிளுக்கு தடைன்னு மேப்புல இருக்கும், அது சரியாவே கூட இருக்கலாம். கார்லயும் வரலன்னா கிளாஸையும் டைலையும் பாருங்க.

கோளாறு எந்த எடத்துலன்னு பிடிக்க நான் பண்றது ரொம்ப சிம்பிள், தூரத்த பாதி பாதியா வெட்டறது. 300 வரலியா, நடுவுல ஹைவே மேலயே ஒரு பாயிண்ட் வெச்சு 150, 150 ஆ போடு. ஒரு பாதி வரும், இன்னொண்ணு வராது, வராதத மறுபடி பாதியாக்கு. இப்படியே எறங்கிட்டு வந்தா கடைசியில ஒரு பாலமோ ரேம்போ டைல் எல்லையோ கையில சிக்கும். ஆனா ஒரு இடக்கு இருக்கு. தூரம் கொறைய கொறைய சின்ன ரோடெல்லாம் மறுபடி கணக்குல வந்துடறதால ரெண்டு பாதியுமே ஒழுங்கா வந்து, முழுசு மட்டும் வராம போகலாம். அப்படி ஆனா குழம்ப வேண்டாம், அதுவே பதில்தான், டேட்டாவுல ரோடு ஒழுங்கா சேந்திருக்கு, ஸ்டைல்ல கிளாஸ்தான் எங்கயோ எறங்கியிருக்கு. ரூட்டு போற வழியில உள்ள ரோடு வகைய எல்லாம் பாத்து லைன்ஸ் ஃபைல்ல அந்தந்த வரிய சரி பாருங்க.

கார்மினோட கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் பேஸ்கேம்ப்லயும் அதே மேப்ப ஏத்தி போட்டுப் பாக்கறது நல்ல பழக்கம். கம்ப்யூட்டர்லயும் வரலன்னா மேப் கோளாறுன்னு நம்பலாம். கம்ப்யூட்டர்ல வந்து கையில வரலன்னா செட்டிங், இல்லன்னா டிவைசோட மெமரி, தெம்பு சம்பந்தப்பட்டது. இதுல ஒரு எரிச்சல், பேஸ்கேம்ப் பழைய டைல கேஷ்ல வெச்சுக்கிட்டு புது மேப்புலயும் பழைய ரிசல்ட்டயே காட்டும், கேஷ காலி பண்ணிட்டு பாருங்க. அங்க போட்ட ரூட்ட டிவைசுக்கு அனுப்பினா டிவைஸ் அத தன் இஷ்டத்துக்கு மறுபடி கணக்குப் போடவும் வாய்ப்பு இருக்கு, ரீகால்குலேஷன ஆஃப் பண்ணி வெச்சுக்கறது நல்லது.

மேப்ப சரி பண்ண டைம் இல்ல, நாளைக்கே கிளம்பணும்னா குறுக்கு வழியும் இருக்கு. நடுவுல பாயிண்ட் வெச்சு ரூட்ட துண்டு துண்டா குடுக்கலாம், ஆனா அந்த பாயிண்ட்ட ஊருக்குள்ள சந்துல வைக்காம பெரிய ரோட்டு மேலயே, ரெண்டு பக்கம் பிரிஞ்ச ரோடுன்னா நாம போற பக்கத்துலயே வைக்கணும், இல்லன்னா யூ டர்ன் போட்டு வான்னு சொல்லி உயிர வாங்கும். நிறைய ஹேண்ட்ஹெல்டுல ஆட்டோ ரூட்டுக்கு 50 பாயிண்ட்தான் அதிகபட்சம், தாராளமா போதும். இன்னும் நிம்மதி வேணும்னா கம்ப்யூட்டர்ல வேற ரூட்டர்ல வழிய போட்டு ட்ராக்கா எறக்கிக்கோங்க, ட்ராக்குல கணக்கே கிடையாது, கோட்டப் பாத்து போயிட்டே இருக்கலாம், 10,000 பாயிண்ட் வரைக்கும் தாங்கற மாடல் நிறைய இருக்கு. டர்ன் வந்தா சொல்லாதுங்கறது மட்டும்தான் குறை. தூரப் பயணத்துக்கு என் பை நிறைய ட்ராக்குதான், ஆட்டோ ரூட்ட வழி தவறினா திரும்பி வர்றதுக்கு மட்டும் வெச்சிருக்கேன்.

ஸ்டைல மட்டும் மாத்தினா ஸ்ப்ளிட்டர மறுபடி ஓட்டத் தேவையில்ல, வெட்டி வெச்ச டைலயே எம்கேஜிமேப்புக்கு குடுத்தா போதும், பெரிய ஏரியா கட்டறவங்களுக்கு இது நல்லாவே நேரத்த மிச்சம் பண்ணும். ஸ்டைல் எழுதறதுக்கு அவங்க குடுத்திருக்கற கையேடு நல்ல தெளிவா இருக்கு, ரோடு கிளாஸ் ஸ்பீடு டேபிள் எல்லாம் அதுல இருக்கு, பொறுமையா உக்காந்து படிக்கலாம். கமாண்ட் லைன்னாலே அலர்ஜி, சின்னதா ஒரு மலை ஏத்தத்துக்கு மட்டும் மேப் வேணும்ங்கறவங்க இதுக்குள்ள வர வேண்டாம், ரெடியா கட்டி வெச்ச மேப்பே போதும். ரெண்டு மூணு நாடு தாண்டி வண்டியில போறவங்க, தன் மேப்பு தன் இஷ்டப்படி இருக்கணும்னு நெனைக்கறவங்க தாராளமா எறங்கலாம், மொத்தமா அஞ்சுக்கு நாலு குடுக்கறேன்.

அந்த இன்னொரு ஸ்டாரும் வேணும்னா ஒண்ணே ஒண்ணு பண்ணிக் குடுங்க டெவலப்பர் சாமிகளா: மேப் கட்டி முடிக்கும்போது கிளாஸ் 4 மட்டும் எடுத்தா எத்தன துண்டா கிடக்கு, 3 ம் 4 ம் சேத்தா எத்தன துண்டு, ஒவ்வொரு துண்டும் எந்த எடத்துல அறுந்து போயிருக்குன்னு ஒரு சின்ன ரிப்போர்ட். கார்ட டிவைஸ்ல சொருகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.